2014-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜடேவியன் கிளவுனி ஏமாற்றமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் ரசிகர்களின் புலம்பலிலும் நியாயம் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் முந்தைய பருவம் படுமோசமாக ஆடிய அணிக்குத்தான், புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்டில்' முதல் வாய்ப்பு. 16-இல் 2 ஆட்டம் மட்டுமே வென்றிருந்த ஹூஸ்டன் டெக்சன்ஸ், அதைத் தற்காப்பு வீரரான கிளவுனிக்குச் செலவழித்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. அந்தப் பருவத்தில் ஆடியது 4 ஆட்டம்தான். அப்புறம் மீண்டு, 2016 முதல் தொடர்ந்து 3 முறை, நட்சத்திர வீரர்களுக்கான புரோ பவுலுக்குத் தேர்வானார். பந்தோடு ஓடுபவரை மடக்குவதில் கில்லாடி. ஆனால் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தும் 'சாக்' கணக்கு, டெக்சன்ஸில் ஒரு பருவத்துக்கு அதிகபட்சம் 9.5.

வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். அதே டிராஃப்டில் 5-ஆவதாகப் போன கலீல் மேக், 13-ஆவதாகப் போன ஆரோன் டொனால்ட் இருவருமே சிறந்த தற்காப்பு வீரர் விருது வாங்கினார்கள். டொனால்ட் மூன்று முறை! அந்தக் கோபத்தை நிர்வாகத்திடம் காட்டலாம். கிளவுனி என்ன செய்வார், பாவம்.