இரும்புக் கழிவுக் குழாயை எடுத்து பி.வி.சி. போடும்போது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாடிக் கழிவறையிலிருந்து இறங்கும் பழைய வார்ப்பிரும்புக் குழாயில் ஒரே இடத்தில் கசிகிறது. அடைத்தால் போதுமா, மாற்றியே ஆக வேண்டுமா?

பதில்: எங்கே கசிகிறது என்று முதலில் பாருங்கள். இரண்டு குழாய் சேரும் சாக்கெட்டில் என்றால் உள்ளே அடைத்த ஈயமும் சணலும் தளர்ந்திருக்கும். ஈயத்தை உளி வைத்துத் தட்டி இறுக்கினாலே சில சமயம் நின்றுவிடும். குழாயின் உடம்பில் நெடுக்காக விரிசல் ஓடியிருந்தால் எந்தப் பசையும் நிற்காது. சுவரைப் பார்த்த பக்கத்துக்குப் பின்னால் ஒரு கைக்கண்ணாடியை நீட்டிப் பாருங்கள். பெயின்ட் தூரிகை எட்டாத, ஈரம் காயாத பக்கம் அது. வெளியிலிருந்து வரும் துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பிறகு சிறு சுத்தியலால் மேலிருந்து கீழாக மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும். அரித்துப்போனது மொத்தென்று கேட்கும். மொத்தென்ற ஒலி இரண்டு மூன்று இடங்களில் வந்தால் அந்த வரிசையை முழுதாக மாற்றுவதே சரி.

கேள்வி: கீழ்த்தளத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து பி.வி.சி. போட நினைக்கிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: எடையில். 4 அங்குல வார்ப்பிரும்புக் குழாய் 6 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். கீழே வெட்டியதும் மேலே உள்ள அத்தனையும் துருப்பிடித்த பழைய கிளாம்புகளை நம்பித்தான் தொங்கும். ஆகவே வெட்டும் இடத்துக்கு மேலே, சாக்கெட்டின் கழுத்துக்குக் கீழ், புதிய இரும்பு கிளாம்பைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகே வெட்ட வேண்டும். முழு வரிசையையும் எடுப்பதென்றால் மேலிருந்து கீழாக, துண்டு துண்டாக, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி இறக்குங்கள். சம்மட்டியால் உடைப்பது வேகமான வழிதான். ஆனால் வார்ப்பிரும்பு நொறுங்கும் இரும்பு. அதிர்ச்சி மேலே ஏறி, விட்டுவைக்க நினைத்த துண்டையும் பிளந்துவிடும். கழிவறைக் குழாய் வந்து சேரும் ‘டீ’ (T வடிவ இணைப்பு) உள்ளே சில்லு விழுந்தால் அடைப்பு தனி.

ஆங்கிள் கிரைண்டர் பிடிப்பதற்கு முன் நிறையத் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி, சற்று நேரம் காற்றாட விடுங்கள். உள்ளே தீப்பிடிக்கும் வாயு தங்கியிருக்கலாம். மேல்மாடிக்காரர்களிடம் தண்ணீர் விட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், குளியலறையும் சேர்த்து. பழைய வீடுகளில் மின் எர்த் கம்பியை இந்தக் குழாயோடு இணைத்திருப்பதுண்டு. பிளாஸ்டிக் வந்ததும் அந்த எர்த் செத்துவிடும், எனவே எலக்ட்ரீஷியன் ஒருமுறை பார்த்தாக வேண்டும். சாக்கெட்டிலிருந்து ஈயத்தை எடுக்கத் தீ காட்டாதீர்கள், புகை விஷம். டிரில்லால் சுற்றிலும் துளையிட்டு நெம்பி எடுத்து, சாப்பிடுமுன் கையை நன்றாகக் கழுவுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பாதி இரும்பு, பாதி பி.வி.சி. இரண்டும் சேரும் இடத்தில் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டே கசிவு. ஏன்?

பதில்: வழவழப்பான பி.வி.சி.யை சிமென்ட் பிடிக்காது. அதோடு பி.வி.சி. வெப்பத்தில் நீளும்: 3 மீட்டர் குழாய், 30 டிகிரி வித்தியாசத்தில் சுமார் 6 மில்லிமீட்டர். ஒவ்வொரு வெயிலிலும் அது அசைய, சிமென்ட் வளையம் தனியே கழன்று நிற்கும். மீண்டும் பூசினாலும் அதே கதைதான்.

அந்த இடத்துக்கு ரப்பர் கப்ளிங், அதாவது இரண்டு குழாய் முனைகளையும் சேர்க்கும் ரப்பர் உறை, வேண்டும். இரு பக்கமும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டையால் இறுக்கும் வகை. அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். 110 மி.மீ. என்று பி.வி.சி.க்குச் சொல்வது வெளிவிட்டம். 4 அங்குலம் என்று இரும்புக்குச் சொல்வது உள்விட்டம். பழைய இரும்பின் வெளிவிட்டம் வார்ப்புக்கு வார்ப்பு மாறும். வெட்டிய முனையில் துருவைச் சுரண்டிவிட்டு, நூலைச் சுற்றி அளந்து 3.14 ஆல் வகுத்து, அந்த எண்ணோடு கடைக்குப் போங்கள். மேலே இரும்பு, கீழே பி.வி.சி. என்றால் இரும்பின் எடை கப்ளிங்கில் உட்காரவே கூடாது. அதற்குத்தான் முன்சொன்ன கிளாம்ப்.

நீள்வதற்கும் இடம் விட வேண்டும். ரப்பர் ரிங் சாக்கெட்டில் குழாய் முனையைச் சரிவாகச் சீவி, வழுக்கும் பசை தடவி, முட்டும்வரை தள்ளி, விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, 10 மி.மீ. வெளியே இழுத்து நிறுத்துங்கள். சாக்கெட் எப்போதும் மேல்நோக்கியே இருக்க வேண்டும். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் கீழே ஒரு கிளாம்ப் இறுக்கமாக, இடையில் வருபவை குழாய் நழுவும்படி சற்றுத் தளர்வாக. எல்லாவற்றையும் இறுக்கிவிட்டால் குழாய் வில்லாக வளையும். குழாய் தரையில் உள்ள ஆய்வுத் தொட்டியின் (மூடியைத் திறந்து கழிவோட்டத்தைப் பார்க்கும் தொட்டி) சுவரில் நுழையும் இடத்தில் மட்டும் சிமென்ட் தவிர்க்க முடியாது. அங்கே குழாயின் வெளிப்புறத்தில் பி.வி.சி. பசை தடவி, உலர்ந்த மணலைத் தூவி, காய்ந்த பிறகு பூசினால் பிடிக்கும்.

கேள்வி: அடியில் திரும்பும் இடத்தில் அடிக்கடி அடைக்கிறது.

பதில்: ஒரே 90 டிகிரி பெண்ட் போட்டிருப்பார்கள். இரண்டு 45 டிகிரி பெண்டுகளாக மாற்றி, அடியில் கான்கிரீட் தாங்கலும் திறந்து பார்க்கும் மூடியும் வையுங்கள். அங்கிருந்து படுக்கையாகப் போகும் குழாய்க்கு மீட்டருக்கு 25 மி.மீ. சரிவு, மீட்டருக்கு ஒரு தாங்கல்.

கேள்வி: மாற்றியதிலிருந்து படுக்கையறைச் சுவருக்குள் அருவி கொட்டுவதுபோல் சத்தம்.

பதில்: இரும்பின் கனம்தான் சத்தத்தை அடக்கிவந்தது. குழாயைச் சுற்றிப் பாறைக் கம்பளி (ராக்வூல் என்னும் சத்தத் தடுப்புப் பஞ்சு) கட்டி, சுவரைத் தொடாமல் பெட்டி அடையுங்கள். கிளாம்புக்குள் ரப்பர் பட்டை வையுங்கள். ஓரளவு குறையும், இரும்பு அளவுக்கு அமைதி வராது. இன்னும் மாற்றாதவர்கள் படுக்கையறைப் பகுதியில் நல்ல நிலையில் உள்ள இரும்பை அப்படியே விட்டுவைக்கலாம் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: வேலை முடிந்தது. சுவரை மூடலாமா?

பதில்: பசை இணைப்புகள் இருந்தால் ஒரு நாள் காயட்டும். பிறகு கீழ்முனையை அடைப்பானால் மூடி, ஒரு தள உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்துவிட்டு 15 நிமிடம் காத்திருங்கள். ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். மட்டமும் இறங்காமல் காகிதமும் நனையாமல் இருந்தால் கொத்தனாரைக் கூப்பிடலாம்.