ஞாயிறு சாயங்காலத்து வயிற்றுவலி

கேள்வி: எனக்கு 36 வயது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிக்கிற வேலையில், இருக்கிறேன். ஒன்றரை வருடமாக ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது. திங்கள் காலையில் கிளம்புவதற்குள் மூன்று முறை பாத்ரூம் போகிறேன். மேனேஜரின் கார் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது. ஈசிஜி, எக்கோ, எண்டோஸ்கோபி, தைராய்டு எல்லாம் நார்மல். கேஸ் மாத்திரை தினமும் போடுகிறேன். மேனேஜர் எல்லோர் முன்னாலும் "உனக்கெல்லாம் யாருய்யா டிகிரி குடுத்தது?" என்பார், சாம்பிளைத் தூக்கி எறிவார். போன வாரம் ஒரு ஆர்டருக்கு அளவுப் பட்டியலையே மாற்றி அனுப்பிவிட்டேன். இப்படித் தப்பு செய்கிற ஆள் இல்லை நான். வீட்டில் பையன் மேலும் எரிந்து விழுகிறேன். இதயத்தில் ஏதும் கோளாறா? இல்லை, எனக்குத்தான் தாங்கும் சக்தி போதவில்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இதய நோய்க்குக் கிழமை தெரியாது. உங்கள் வயிற்றுக்குத் தெரிந்திருக்கிறது. எடுத்த டெஸ்ட்டுகளும் நார்மல் என்பதால், எனக்கு இதயத்தின் மேல் பெரிய சந்தேகம் இல்லை. ஆனாலும் மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சு இறுகினால், வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினால், டென்ஷன் என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள். அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி இருந்தாலும் குடலை மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஐபிஎஸ் (IBS) என்று டாக்டர்கள் நாங்கள் சொல்கிற குடல் எரிச்சல் போலத்தான் தெரிகிறது. துரத்தி வருவது நாயா, மேனேஜரா என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை. அட்ரினலின், கார்டிசால் என்கிற ஹார்மோன்கள் ஏறும், இதயம் வேகமாக அடிக்கும். இரைப்பை மந்தமாகும், பெருங்குடலோ அவசரப்படும். அதனால்தான் சாப்பாடு இறங்காமல் நெஞ்சிலேயே நிற்பது போலவும் இருக்கிறது, பாத்ரூமுக்கும் ஓட வேண்டியிருக்கிறது. நாய் போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். உங்களுக்கோ அது தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுகிறது.

அளவுப் பட்டியல் மாறிய விஷயத்துக்கு வருகிறேன். இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2015-இல் வெளியானது. குறைமாதக் குழந்தை ஒன்றுக்குக் குடல் நோய் முற்றுவதாக ஒரு பொம்மையை வைத்துப் பயிற்சி. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் சில குழுக்களிடம் மட்டும் மட்டம் தட்டிப் பேசினார். கெட்ட வார்த்தை இல்லை, அலட்சியம்தான். அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோனது. பழகிய கைகளுக்கே இந்த நிலை. திட்டு விழுந்த பிறகு மூளையில் பாதி அந்த வார்த்தையையே மென்றுகொண்டிருக்கும், மீதிப் பாதிதான் எக்செல் ஷீட்டைப் பார்க்கும். தப்பு வரும், அதற்கும் திட்டு விழும்.

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. டியூட்டி டாக்டராக இருந்த காலத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு போன் செய்த ஒரு சிஸ்டரை "இதைக் கேக்கவா எழுப்புனீங்க?" என்று கடித்து வைத்தேன். அடுத்த வாரம் நான் எழுதிய ஊசியின் அளவு தப்பு. அவர் அதைக் கவனித்துவிட்டார், ஆனால் என்னிடம் கேட்கப் பயந்து, ஊசியைப் போடாமல் காலை ஷிஃப்ட் வரும்வரை வைத்திருந்தார். நோயாளிக்கு நல்ல நேரம். கேஸ் ஷீட்டில் அவர் பென்சிலால் போட்டிருந்த சின்னக் கேள்விக்குறி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உங்கள் மேனேஜர் ஏன் அப்படி? தேதி தவறினால் கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு கம்பெனி தலையில் விழும், கேள்வி அவரிடம் வரும். தூக்கமும் இருக்காது. அவரும் இப்படித் திட்டு வாங்கியே மேலே வந்தவராக இருக்கலாம். இதெல்லாம் காரணம்தான். ஆனால் அதே டென்ஷனில் சரக்கு வாங்குகிற பையர் வந்தால் சிரித்துக்கொண்டு இளநீர் வெட்டிக் கொடுப்பார், இல்லையா? ஆள் பார்த்துத்தான் கோபம் வருகிறது. ஆகவே உங்கள் தாங்கும் சக்தியைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுங்கள்.

திட்டு விழுகிற அந்த நிமிடத்தில் பதில் பேச வேண்டாம். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், ஐந்தாறு முறை போதும், படபடப்பு குறையும். அதற்கப்புறம் பத்து நிமிடம் எந்த மெயிலையும் அனுப்பாதீர்கள். தேதி போட்டு, சொன்ன வார்த்தையை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஷிப்மெண்ட் போன மறுநாள், அவர் தனியாக இருக்கும்போது, "தப்பு இருந்தா கூப்பிட்டுச் சொல்லுங்க சார், சரி பண்ணிக்கறேனுங்க. எல்லாரு முன்னாலயும் வேண்டாமுங்க" என்று சொல்லிப் பாருங்கள். சில பேர் அதற்கே இறங்கி வருவார்கள். வராவிட்டால் நோட்டோடு முதலாளியைப் பாருங்கள். அங்கேயும் கதவு திறக்காவிட்டால் வேறு கம்பெனி தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேச்சில் சாதி வந்தாலோ, பெண் ஊழியரிடம் பாலியல் சாடை வந்தாலோ அது மரியாதைக் குறைவோடு நிற்காது, சட்டப்படி புகார் கொடுக்கலாம்.

வெறும் வயிற்றில் டீ மேல் டீ வேண்டாம். கேஸ் மாத்திரையை நீங்களாக ஒரே நாளில் நிறுத்தினால் அமிலம் எகிறலாம், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்டு மெதுவாகக் குறையுங்கள். தூக்கம் கெட்டாலோ, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினாலோ 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது. எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

பையனிடம் மட்டும் இன்று ராத்திரியே உட்கார்ந்து, "ஆபீஸ் கோபத்தை உன் மேல காட்டிட்டேன் கண்ணு" என்று சொல்லிவிடுங்கள்.