மாட்டு உண்ணி ரத்தம் குடிப்பதைத் தவிர வேறென்ன கெடுதல் செய்துவிடும்?

குடித்துவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லைங்க. குடிக்கும்போது எச்சிலோடு உள்ளே இறக்கிவிடுகிற கிருமிதான் மாட்டைச் சாய்க்கிறது.

தாராபுரம் பக்கம் எங்கள் கட்டுத்தறியில் நடந்தது இது. ரெண்டாம் ஈத்து ஜெர்சி கலப்பு. காலையில் தீவனத்தை மோந்து பார்த்துவிட்டு விலகி நின்றது. சாயங்காலம் மூத்திரம் காப்பி டிக்காசன் நிறத்தில் போனது. "சூடு புடிச்சிருக்குது கண்ணு, நீராகாரம் ஊத்து" என்றார் அப்புச்சி. ஊற்றினோம். ஒரு ராத்திரி வீண். மறுநாள் டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், உள்ளே வெளுத்துக் கிடந்தது. காது நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து எடுத்துப் போனார். பபேசியா என்று வந்தது.

ஒரே செல்லால் ஆன உயிர் அது. சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். உடைந்த அணுவின் சாயம்தான் மூத்திரத்தில் இறங்குகிறது. உண்ணிதான் இதைச் சுமக்கிறது என்று அமெரிக்காவில் ஸ்மித், கில்போர்ன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1893-லேயே நிரூபித்துவிட்டார்கள்; மலேரியாவைச் சுமப்பது கொசுதான் என்று ரொனால்ட் ராஸ் என்ற டாக்டர் கண்டுபிடித்தது அதற்கப்புறம், 1897-ல். டிமினசீன் ஊசியில் எங்கள் மாடு தப்பியது.

உண்ணி இறக்கிவிடுகிற இன்னொரு கிருமி தைலேரியா, அது வேறு ரகம். 105, 106 டிகிரி காய்ச்சல் அடிக்கும், தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டும். அதற்கு பியூபார்வகோன் என்ற மருந்து, விலை கையைக் கடிக்கும். உண்ணியால் வரும் மூன்றாவது கிருமி அனாபிளாஸ்மா; அது பாக்டீரியா, டெட்ராசைக்ளின் மருந்துக்குக் கேட்கும். ஆனால் அது கடிக்கிற ஈயாலும், ஒரே ஊசியை மாடு மாடாகக் குத்துவதாலும்கூடப் பரவும். மருந்து வேறு வேறு என்பதால் ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.

காங்கேயம் மாட்டுக்கு உண்ணி ஏறாது என்பார்கள். ஏறும், கலப்பினத்தைவிடக் குறைவாக.

உண்ணியைப் பொறுக்கி மண்ணெண்ணெயில் போட்டால் மட்டும் தீராதுங்க. வயிறு முட்டக் குடித்த பெட்டை கீழே உதிர்ந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பபேசியா அந்த முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போய்விடும். தைலேரியா முட்டையில் போகாது. ஆனால் அதைச் சுமக்கிற உண்ணி சுவர் வெடிப்பில் ஒளிந்திருக்கும்.

மனிதனுக்கு வரும் 'உண்ணிக் காய்ச்சல்' பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதைப் பரப்புவது மாட்டு உண்ணி இல்லை, புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் குஞ்சு. கடித்த இடத்தில் கருகின பொருக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

நாங்கள் சுவர் வெடிப்பையெல்லாம் சிமெண்டு வைத்துப் பூசிவிட்டோம். அப்புச்சி மட்டும் இன்னமும் அது சூடுதான் என்கிறார்.