அமெரிக்க ரயில் பாதையில் ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் ஓர் ஐரிஷ்காரர் புதைந்திருக்கிறார் என்கிறார்களே, உண்மையா?

கட்டைக்கு ஒருவர் என்பது பேச்சுக்குச் சொல்வது. ஆனால் நான் வேலைக்குப் போகும் பாதையில் ஒரே மைலுக்குள் 57 பேர் செத்திருக்கிறார்கள். அந்தக் கதையை மட்டும் சொல்கிறேன்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில் எக்ஸ்டன் என்ற ஊர். ஃபிலடெல்ஃபியாவுக்கு ரயிலில் போகும்போது, மால்வெர்ன் ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் பாதை ஒரு மண்மேட்டின் மேல் ஓடும். சுற்றிலும் மரங்கள், பார்க்க ஒன்றுமில்லை. பல வருடம் செல்போனைப் பார்த்தபடியே அதைக் கடந்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் சுற்றும்போதுதான் சாலையோரத்தில் நீல நிற வரலாற்றுப் பலகை கண்ணில் பட்டது. டஃபீஸ் கட் என்று எழுதியிருந்தது.

1832-இல் மாநில அரசு ஃபிலடெல்ஃபியாவிலிருந்து சஸ்குவஹானா ஆற்றங்கரையிலுள்ள கொலம்பியா வரை 82 மைலுக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தது. மேற்கே உள்ள ஏரிகள் வரை படகு போக ஈரி கால்வாயைத் திறந்து நியூயார்க்காரர்கள் வியாபாரத்தை அள்ளிக்கொண்டு போகிறார்களே என்ற பதற்றம் அதற்குக் காரணம். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காண்ட்ராக்ட் விட்டார்கள். 59-ஆவது மைல் ஃபிலிப் டஃபி என்பவருக்குப் போனது. அவரும் அயர்லாந்திலிருந்து வந்தவர்தான். சொந்த நாட்டுக்காரனைப் பிடித்து வேலை வாங்குவது சுலபம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஜூன் மாதம் அயர்லாந்தின் டெரி துறைமுகத்திலிருந்து ஜான் ஸ்டாம்ப் என்ற கப்பல் ஃபிலடெல்ஃபியாவில் வந்து நின்றது. டோனகல், டைரோன், டெரி பக்கத்து ஆட்கள். ஐரிஷ்காரர்கள் என்றாலே உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஓடி வந்தவர்கள் என்று நினைக்கிறோம். பஞ்சம் வந்தது 1845-இல். இவர்கள் அதற்கு 13 வருடம் முந்தியவர்கள். வந்த கையோடு டஃபியின் ஆட்களாக மண் வெட்டப் போனார்கள்.

பெயர்தான் கட், அதாவது வெட்டு. ஆனால் அங்கே நடந்ததில் பாதி நிரப்பும் வேலை. குன்றை வெட்டி, அந்த மண்ணைப் பக்கத்துப் பள்ளத்தில் கொட்டி, ரயில் ஓடும் உயரத்துக்கு மேடாக்க வேண்டும். டைனமைட் அன்று கிடையாது. கடப்பாறை, மண்வெட்டி, கைவண்டி, குதிரை வண்டி, வெடிமருந்து, இவ்வளவுதான். படுக்கை ஒரு மரக் கொட்டகையில்.

ஆகஸ்டில் காலரா வந்தது. கங்கைக் கழிமுகத்தில் கிளம்பி, ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு, அந்தக் கோடையில்தான் அட்லாண்டிக்கைத் தாண்டியிருந்தது. நம் பாட்டிமார் வாந்திபேதி என்று சொன்ன அதே நோய். அது தண்ணீரில் பரவுகிறது என்பதை லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காட்ட இன்னும் 22 வருடம் இருந்தது. குடிகாரர்களுக்கும் அழுக்காக இருப்பவர்களுக்கும்தான் வரும் என்று பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டார்கள். அப்படிச் சொல்லும்போது அவர்கள் மனதில் இருந்தது ஐரிஷ்காரர்கள். பள்ளத்திலிருந்து தப்பி ஓடியவர்களுக்கு அக்கம்பக்கத்தில் யாரும் கதவைத் திறக்கவில்லை. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்த சில கன்னியாஸ்திரீகளும் ஒரு கொல்லரும் மட்டும் கூட இருந்து பார்த்தார்கள். எல்லாம் முடிந்ததும் கொட்டகையைக் கொளுத்தி, பிணங்களை அந்த மண்மேட்டிலேயே புதைத்தார்கள். செய்தித்தாளில் வந்த எண்ணிக்கை பத்தைக்கூடத் தொடவில்லை.

57 என்ற எண் எப்படித் தெரிய வந்தது? பிற்காலத்தில் அந்தப் பாதையை வைத்திருந்த ரயில் கம்பெனியின் கோப்பு ஒன்றில் இருந்தது. கம்பெனித் தலைவரிடம் உதவியாளராக இருந்த ஒருவர் வழியாக அது அந்த உதவியாளரின் பேரன்கள் வில்லியம் வாட்சன், ஃபிராங்க் வாட்சன் கைக்கு வந்தது. வில்லியம் வரலாற்றுப் பேராசிரியர். அவர் வேலை பார்த்த இம்மாகுலாட்டா பல்கலைக்கழகம் சம்பவ இடத்திலிருந்து கூப்பிடு தூரம். 2004-இல் தோண்ட ஆரம்பித்தார்கள். ஐந்து வருடம் புகைபிடிக்கும் குழாயின் துண்டு, பொத்தான், ஆணி, இப்படித்தான் கிடைத்தன. 2009-இல் முதல் எலும்பு.

இங்கேதான் கதை வேறு மாதிரி ஆகிறது. சிகிச்சையே இல்லாவிட்டாலும் காலராவில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைத்துவிடுவார்கள். இங்கே மட்டும் எப்படி அத்தனை பேரும்? தோண்டி எடுத்த ஏழு பேரில் சிலரின் மண்டையோட்டில் பலமாக அடித்த தடயம் இருந்தது. ஒன்றில் துப்பாக்கிக் குண்டு. நோய் ஊருக்குள் பரவிவிடுமோ என்று பயந்த உள்ளூர்க்காரர்கள் அடித்துக் கொன்றிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. எனக்கு அது நம்பும்படியாகத்தான் இருக்கிறது. கேட்க ஆளில்லாதவர்கள், வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, செத்தபோது பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

மற்ற வேலைத்தளங்களில் நோயில்லாத நாளும் லேசாகப் போகவில்லை. காண்ட்ராக்டர் கூலியைக் கொடுக்காமல் ஓடிவிடுவது சகஜம். அயர்லாந்தின் கார்க் ஊர்க்காரர்களும் லாங்ஃபோர்டு ஊர்க்காரர்களும் வேலைக்காக ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்கள். 1834-இல் மேரிலாந்தில் கால்வாய் வெட்டிய இடத்தில் அப்படி ஒரு கலவரம் வந்தபோது, ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் ராணுவத்தையே அனுப்பினார். கூலி ஏன் போய்ச் சேரவில்லை என்று விசாரிக்க அல்ல.

சரி, டஃபீஸ் கட்டுக்கு வருகிறேன். எலும்புகளில் ஒன்றின் மேல்தாடையில் ஒரு கடைவாய்ப்பல் பிறவியிலேயே முளைக்கவில்லை. கப்பல் பயணிகள் பட்டியலில் டோனகலைச் சேர்ந்த 18 வயது ஜான் ரடி என்ற பையன் இருந்தான். அங்கே இன்றும் இருக்கும் ரடி குடும்பத்தார் சிலருக்கும் அதே பல் இல்லை. 2013-இல் அவனை ஊருக்குக் கொண்டுபோய் ஆர்டராவில் அடக்கம் செய்தார்கள். கேத்தரின் பர்ன்ஸ் என்ற 29 வயது விதவை, 70 வயது மாமனாரோடு கப்பல் ஏறியவர், 2015-இல் டைரோனுக்குத் திரும்பினார். மற்ற ஐந்து பேருக்கு ஃபிலடெல்ஃபியா அருகே ஒரு கல்லறை கிடைத்தது.

மீதி ஐம்பது பேர் மேட்டுக்குள்தான் இருக்கிறார்கள். தண்டவாளத்துக்கு அவ்வளவு பக்கத்தில் ஆழமாகத் தோண்டுவது ஆபத்து என்பதால் அந்தத் தேடல் அங்கே நின்றது. நான் ஏறும் 7.20 வண்டி அந்த இடத்தைக் கடக்க அரை நிமிடம்கூட ஆகாது.