கறிக்கடையும் பண்ணையும் உணவுப் பாதுகாப்புச் சட்டமும்: கேள்வி பதில்

வேலூர் வட்டாரத்து ஆடு, கோழி வளர்ப்பவர்களும் கறிக்கடைக்காரர்களும் கேட்ட கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

ஐயா, குடியாத்தத்தில் மட்டன் கடை வைத்திருக்கிறேன். தினம் நாலைந்து ஆடு, ஞாயிறு என்றால் ஏழெட்டு. லைசென்ஸ் எடுக்க வேண்டுமா?

பதிவு போதும் தம்பி. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த உரிம விதிகள் அறுப்பை எண்ணிக்கை வைத்துப் பிரிக்கின்றன. நாளைக்கு 10 ஆடு அல்லது 50 கோழி வரை பதிவு. அதற்கு மேல் 150 ஆடு, 1000 கோழி வரை மாநில உரிமம். ஆனால் சான்றிதழ் மாட்டியிருப்பதால் கடை வாசலிலேயே அறுக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நகராட்சி எல்லைக்குள் அங்கீகாரம் பெற்ற ஆட்டுத்தொட்டியில், அதாவது அறுப்புக்கூடத்தில்தான் அறுக்க வேண்டும். 2001-லிருந்தே இந்த விதி இருக்கிறது.

எங்கள் ஊர்த் தொட்டியில் தண்ணீரே ஒழுங்காக வருவதில்லை. நோட்டீஸ் மட்டும் கடைக்காரனுக்கா?

நியாயமான கோபம். கத்தியை 82 டிகிரி வெந்நீரில் முக்கிச் சுத்தம் செய், தரையைக் கழுவு என்று விதி சொல்கிறது. குழாயில் தண்ணீர் இல்லாமல் எதைக் கழுவுவது? தொட்டியை நடத்தும் உள்ளாட்சிக்கும் இதே சட்டம்தான், அதற்கும் உரிமம் வேண்டும். தனியாகப் போய்ப் புலம்பாமல் கடைக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஆணையரிடம் மனு கொடுங்கள். நகலை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்புங்கள்.

காட்பாடி பக்கம் ஒப்பந்த பிராய்லர் பண்ணை. சூப்பர்வைசர் கொடுக்கும் மருந்தைத் தண்ணீரில் கலக்கிறோம். கோழி பிடிக்கும் நாள் வரை கொடுக்கலாமா டாக்டர்?

கூடவே கூடாது அம்மா. மருந்தை நிறுத்திய பிறகு எத்தனை நாள் கழித்துக் கறிக்கு எடுக்கலாம் என்பது லேபிளில் இருக்கும். அப்படி இல்லாத மருந்துக்கு இறைச்சி என்றால் குறைந்தது 28 நாள், முட்டைக்கும் பாலுக்கும் 7 நாள் என்று 2012-ல் மருந்து விதிகளில் சேர்த்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40-ம் நாள் பிடிக்கிற கோழிக்கு 12-ம் நாளுக்கு அப்புறம் அந்த மருந்தைத் தொடவே முடியாது. கொலிஸ்டின் என்கிற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து 2019-லேயே கால்நடைகளுக்குத் தடையாகிவிட்டது. வேறு எதுவும் கேட்காத கிருமிக்கு மனிதர்களுக்குக் கொடுக்க மிச்சமிருக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. கோழிக்குக் கொடுத்துக் கொடுத்து அதையும் வீணாக்க நமக்கு என்ன உரிமை?

ஒரு நோட்டுப் போடுங்கள். மருந்தின் பெயர், பேட்ச் எண், எந்த ஷெட், தொடங்கிய நாள், நிறுத்திய நாள். லேபிள் இல்லாத பாட்டிலை வாங்கவே வாங்காதீர்கள். கறியில் மருந்து எச்சம் இருக்கிறது என்று பிரச்சினை வந்தால் உங்கள் பக்கம் பேசப்போவது அந்த நோட்டுதான்.

அணைக்கட்டில் ஆடு வளர்க்கிறேன். தொட்டியில் ஈரலைக் கழித்துவிட்டார்கள் என்று வியாபாரி விலையைக் குறைக்கிறார். அது சரியா?

ஈரலைப் பார்த்தீர்களா? பித்தக் குழாய்கள் தடித்து, வெள்ளைக் கயிறு போல மேலே தெரியும். வெட்டினால் இலை மாதிரித் தட்டைப்புழு நெளியும். அப்படி இருந்தால் கழித்தது சரிதான். ஏரிக்கரையில், நத்தை இருக்கும் ஈரத்தில் மேய்கிற ஆட்டுக்கு இது வரும். மழைக்காலத்தில் அங்கே ஓட்டாதீர்கள், சாணத்தைப் பரிசோதித்துப் புழு மருந்து கொடுங்கள். கறிக்கு விற்பதற்கு முன் அதையும் நிறுத்த வேண்டிய நாள் உண்டு, மறக்காதீர்கள். ஆனால் ஈரலைக் காட்டாமல் விலையை மட்டும் குறைக்கிற வியாபாரியிடம், அடுத்த முறை கண்ணால் பார்த்த பிறகே பேசுவேன் என்று சொல்லுங்கள்.

கறியைப் பேப்பரில் மடிக்கலாமா?

செய்தித்தாளில் கூடாது. அச்சு மை கறியில் ஒட்டும். 2018 பேக்கேஜிங் விதிகள் தடுக்கின்றன. வாழை இலை போதும், பாத்திரம் கொண்டுவருகிறவர்களுக்கு அதிலேயே போட்டுக் கொடுங்கள்.