விடுதலைக்கு முந்தைய அமெரிக்கா என்ன எழுதியது? (கேள்வி பதில்)

கேள்வி: எம்.ஏ. முதலாண்டு படிக்கிறேன் அக்கா. காலனியகால அமெரிக்க இலக்கியம் என்று ஒரு தாள். திறந்தால் பிரசங்கம், நாட்குறிப்பு, துண்டுப்பிரசுரம். கதையே இல்லையே, இது எப்படி இலக்கியம்?

பதில்: கதை தேடிப் போனால் ஏமாற்றம்தான். வடகிழக்கு அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறிய பியூரிட்டன்கள் (கண்டிப்பான புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள்) கற்பனைக் கதையைச் சந்தேகத்தோடு பார்த்தவர்கள். 1750இல்கூட மாசசூசெட்ஸில் நாடகத்துக்குச் சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள். முதல் அமெரிக்க நாவல் என்று பொதுவாகச் சொல்லப்படும் 'தி பவர் ஆஃப் சிம்பதி' வந்தது 1789இல். அதாவது சுதந்திரப் பிரகடனம் வெளியாகி 13 ஆண்டு கழித்து. அதற்கு முன் எழுதியவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு காரியம் ஆகவேண்டும் என்று எழுதினார்கள். அந்த அவசரத்தில் அவர்களை அறியாமல் வந்து விழுந்த வரிகளுக்காகத்தான் நான் படிக்கிறேன்.

ஆங்கிலேயரின் வட அமெரிக்கக் குடியேற்றங்களில் முதலில் அச்சான புத்தகமே 1640இல் வந்த 'பே சாம் புக்', அதாவது பைபிளின் சங்கீதங்களைச் செய்யுளில் மொழிபெயர்த்த தொகுப்பு. செய்யுள் கரடுமுரடாக இருக்கும். அழகைவிட மூலத்துக்கு உண்மையாக இருப்பதே முக்கியம் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதில் ஒரு பிரதி 2013இல் 1.4 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. கவிதைக்காக இல்லை!

கேள்வி: ஒரே ஒருவரிடமிருந்து தொடங்கச் சொன்னால் யாரைச் சொல்வீர்கள்?

பதில்: கவிஞர் ஆன் பிராட்ஸ்ட்ரீட். 1630இல் கணவர், பெற்றோருடன் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவர். எட்டுப் பிள்ளைகளின் தாய். அவருடைய கையெழுத்துப் பிரதியைத் தங்கை கணவர் லண்டனுக்குக் கொண்டுபோய் 1650இல் அச்சிட்டுவிட்டார். அந்த முதல் புத்தகத்தின் நீளமான கவிதைகள் எனக்கு அலுப்புதான். அவர் இறந்த பிறகு, 1678இல் வந்த பதிப்பைப் பாருங்கள். தன் புத்தகத்தையே பிள்ளையாகப் பாவித்து, முகத்தைக் கழுவக் கழுவக் குறை கூடித் தெரிகிறதே என்று அலுத்துக்கொள்கிறார். யாராவது அப்பனைக் கேட்டால் இல்லையென்று சொல், அம்மா ஏழை, அதனால்தான் உன்னை வெளியே அனுப்பினாள் என்று சொல் என்கிறார்.

1666இல் வீடு எரிந்தபோது எழுதிய கவிதை இன்னும் ஒருபடி மேல். எல்லாம் ஆண்டவன் கொடுத்தது, அவனே எடுத்துக்கொண்டான் என்று முறைப்படி சொல்லிவிட்டு, இங்கேதான் அந்தப் பெட்டி இருந்தது, இங்கேதான் உட்காருவேன் என்று சாம்பலைச் சுற்றிவருகிறார். பக்தியும் ஏக்கமும் மல்லுக்கட்டுவது அப்படியே தெரியும்.

கேள்வி: 'தி ஸ்கார்லெட் லெட்டர்' இந்தக் காலத்து நாவல்தானே மேடம்?

பதில்: இல்லை. கதை நடப்பது 1640களின் பாஸ்டனில், ஹாதார்ன் எழுதியது 1850இல். சூனியம் செய்ததாகச் சொல்லிப் பலரைத் தூக்கிலிட்ட 1692 சேலம் வழக்கின் நீதிபதிகளில் ஒருவர் அவருடைய முன்னோர். அந்த உறுத்தலும் எழுத்தில் உண்டு.

கேள்வி: மேரி ரோலண்ட்சனின் சிறைப்பட்ட கதை வெறும் பூர்வகுடி வெறுப்புப் பிரச்சாரம் என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். சரியா?

பதில்: பாதி சரி. 1676 பிப்ரவரியில் பூர்வகுடிகள் மாசசூசெட்ஸின் லங்காஸ்டர் ஊரைத் தாக்கி அவரைப் பிடித்துப்போனார்கள். காயம்பட்ட ஆறு வயது மகள் வழியிலேயே இறந்தாள். 11 வாரம் கழித்து 20 பவுண்டு மீட்புத்தொகை கொடுத்து மீட்டார்கள். 1682இல் புத்தகம் வந்தது. பூர்வகுடிகளை அவர் வசைபாடுவது உண்மை. ஆனால் அதே பக்கங்களில், எதிரித் தலைவர் மெட்டகாம் தன் மகனுக்குச் சட்டை தைக்கச் சொல்லி ஒரு ஷில்லிங் கூலி கொடுத்தார் என்றும் எழுதுகிறார். பசியில் ஓர் ஆங்கிலேயக் குழந்தையின் கையிலிருந்த குதிரைக்கால் இறைச்சியைப் பிடுங்கித் தின்றேன், ருசியாக இருந்தது என்கிறார். பிரச்சாரம் செய்ய உட்கார்ந்தவர் இதை மறைத்திருக்கலாமே.

கேள்வி: அடிமையாக இருந்த கவிஞர் ஃபில்லிஸ் வீட்லிக்கு, கவிதைகளை அவரே எழுதினாரா என்று பாஸ்டன் பெரியமனிதர்கள் 18 பேர் கூடித் தேர்வு வைத்தார்களாமே?

பதில்: அந்தத் தேர்வுக் காட்சிக்கு ஆவணம் கிடையாது. இருப்பது சான்றிதழ். ஏழெட்டு வயதில் ஆப்பிரிக்காவிலிருந்து 1761இல் கொண்டுவந்து விற்கப்பட்ட பெண். ஃபில்லிஸ் என்பது அவரை ஏற்றிவந்த கப்பலின் பெயர். பாஸ்டனில் போதிய முன்பதிவுச் சந்தா சேராததால் கவிதைத் தொகுப்பு 1773இல் லண்டனில் அச்சானது. இவை இவளே எழுதியவை என்று ஆளுநர் ஹட்சின்சன், ஜான் ஹான்காக் உட்பட 18 பேர் உறுதியளிக்கும் பக்கத்தையும் சேர்த்தே அச்சிட்டார்கள். வேறெந்தக் கவிஞரிடம் இப்படிக் கேட்டார்கள்? அப்புறமும், பின்னாளில் அதிபரான ஜெஃபர்சன், விமர்சிக்கவே தகுதியற்ற கவிதைகள் என்று ஒதுக்கினார்.

தன்னை அடிமையாகக் கொண்டுவந்ததை வீட்லி ஒரு கவிதையில் 'கருணை' என்கிறாரே என்று பலருக்குக் கோபம். அந்த எட்டு வரிக் கவிதையை முழுதாகப் படியுங்கள். முடிவில் கிறிஸ்தவர்களையே விளித்து, கறுப்பர்களும் தூய்மை பெற்று விண்ணுலகம் சேரலாம் என்பதை மறவாதீர்கள் என்று பாடம் எடுக்கிறார். போதாவிட்டால் விடுதலை பெற்றபின் 1774இல் எழுதிய கடிதம் இருக்கிறது. ஒவ்வொரு மனித நெஞ்சிலும் கடவுள் விடுதலை வேட்கையை ஊன்றியிருக்கிறார் என்கிறார். யாருக்கு எழுதினார் தெரியுமா? மோஹிகன் இனத்துப் போதகரும் எழுத்தாளருமான சாம்சன் ஆக்கமுக்கு. பாடத்திட்டத்தில் அவருக்கு இடமே இருக்காது, தேடிப் படியுங்கள்.

கேள்வி: தாமஸ் பெய்னின் 'காமன் சென்ஸ்' ஐந்து லட்சம் பிரதி விற்றதா?

பதில்: நம்ப முடியாத எண். அன்றைய மக்கள்தொகையே சுமார் 25 லட்சம். அமெரிக்க விடுதலை கேட்ட இந்தத் துண்டுப்பிரசுரம் 1776 ஜனவரியில் வந்து பரபரப்பாக விற்றது, அது போதும். மன்னராட்சியைச் சாதாரணத் தச்சனுக்கும் கடைக்காரனுக்கும் புரிகிற மொழியில் கிழித்தார் என்பதுதான் சேதி.

கேள்வி: இதற்கும் நம்ம ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா அக்கா?

பதில்: உண்டே! பாஸ்டன் போதகர் காட்டன் மாதர் தரங்கம்பாடி மிஷனரிகளோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அவர் அங்கிருந்த மிஷனரி சீகன்பால்குக்கு எழுதியதும், சீகன்பால்க் இறந்தபின் சக மிஷனரி கிரண்ட்லர் எழுதிய பதிலும் 1721இல் 'இந்தியா கிறிஸ்டியானா' என்ற நூலாகப் பாஸ்டனில் அச்சாயின. சென்னைக் கோட்டை ஆளுநராக இருந்த எலிஹு யேலுக்கு, இன்றைய யேல் பல்கலைக்கழகமான கல்லூரிக்கு உதவினால் உங்கள் பெயரையே வைக்கலாம் என்று ஆசைகாட்டிக் கடிதம் போட்டவரும் இதே மாதர்தான்.

கேள்வி: இணையத்தில் எங்கே படிக்கலாம்?

பதில்: ரோலண்ட்சன், வீட்லி, பெய்ன், பிராங்க்ளினின் சுயசரிதை எல்லாம் குட்டன்பர்க் தளத்தில் இலவசம். பழைய பதிப்பின் படங்களைப் பார்த்தால் மட்டும் கவனம்: 'எஃப்' போலத் தெரிவது பல இடங்களில் 'எஸ்'.