பழைய காருக்கு ஹெட்லைற் வோஷர் பூட்டினால் பிரயோசனம் இருக்கோ?

காரைநகரில இருந்து பொன்னாலைப் பாலத்தால யாழ்ப்பாணம் வந்து போறன், மொறிஸ் மைனர், இரவில வெளிச்சம் காணாது, ஹெட்லைற்றுக்குத் தண்ணி அடிக்கிற வோஷர் பூட்டட்டோ எண்டு கேட்டிருக்கிறியள்.

நான் பூட்டினனான், அப்பாவின்ர பழைய ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் காரில. 90களில பெற்றோல் கிடையாமல் மண்ணெண்ணெயில ஓடியே தப்பின கார், இதுக்கு மேல என்ன வரப்போகுது எண்ட துணிவுதான்.

முதல்ல காசை மிச்சம் பிடிக்கப் பார்த்தன். முன்கண்ணாடிக்குத் தண்ணி அடிக்கிற சின்ன மோட்டரில இருந்தே ரெண்டு குழாய் பிரிச்சு இழுத்தன். தண்ணி லைற்றில படவேயில்லை, பம்பரில வடிஞ்சுது. பிறகு கொழும்பில பழைய கார்ச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில, பழைய ஜப்பான் காரில கழட்டின பெரிய பம்ப் ஒண்டு வாங்கி, தனி றிலே (சின்ன சுவிச்சால கூடின கரண்டை நேர பற்றறியில இருந்து விடுற பெட்டி), தனி பியூஸ் போட்டுப் பூட்டினன். தண்ணி பீச்சுற நொசிலுக்கு முன்னால ஒருவழி வால்வு கட்டாயம், இல்லாட்டில் ஓடேக்க சொட்டிக்கொண்டே வரும். குறோம் பம்பரில மட்டும் துளை போடாதேங்கோ, அந்தத் துளையிலதான் கறள் தொடங்கும். பம்பர் போல்ற்றிலயே தகடு வச்சுப் பூட்டலாம்.

ஆனா என்னை மாட்டினது எங்கட கிணத்துத் தண்ணி. கேத்தில் அடியில வெள்ளையாப் படியுமே, அதே சுண்ணாம்புதான். மூண்டாம் கிழமை இடப்பக்க நொசில் அடைச்சுப் போட்டுது. ஊசியால குத்தினன், சரிவரேல்லை. ஒரு இரவு வினாகிரியில ஊறவிட்ட பிறகுதான் திறந்தது. லைற் கண்ணாடியிலயும் வெள்ளைப் புள்ளி. இப்ப வடிச்ச மழைத்தண்ணி, மாரி முடிஞ்சால் பற்றறிக்கு விடுற, சுண்ணாம்பில்லாத தண்ணி.

ஐரோப்பாவில இது கட்டாயம் எண்டு ஆரோ சொல்லியிருப்பினம். அது 2000 லூமனுக்கு (வெளிச்சத்தின்ர அளவு) மேல வெளிச்சம் அடிக்கிற செனோன் மாதிரி லைற்றுகளுக்கு. அழுக்கில சிதறி எதிர வாறவன்ர கண்ணைக் குத்தும் எண்டுதான். எங்கட எச்4 எண்ட சாதாரண ஹலஜன் பல்ப் டிம்மில 1000 லூமனளவுதான்.

உங்கட பிரச்சினை அழுக்குத்தானோ எண்டதை முதல்ல பாருங்கோ. துடைச்ச பிறகும் மங்கல் எண்டால் வயரைப் பாருங்கோ. என்ர காரில பற்றறியில 12.6 வோல்ற், பல்ப் ஹோல்டரில 10.9. 10 வீதம் வோல்ற் குறைஞ்சாலே வெளிச்சம் 30 வீதமளவு போயிடும். எர்த் கம்பி பூட்டின இடம் முழுக்க உப்புக் கறள். அதைச் சுரண்டி, ஹெட்லைற்றுக்கு றிலே போட்ட அண்டைக்கு வந்த வெளிச்சம் வோஷரால ஒருநாளும் வரேல்லை. அதுக்கு வோஷர்ச் செலவில கால்வாசி கூட முடியேல்லை.

எண்டாலும் வோஷரைக் கழட்டேல்லை. பண்ணைப் பாலத்தில காத்தோட வாற உப்பையும் செம்மண் தூசியையும் நல்லாக் கழுவும், காயமுந்தி ரெண்டு தரம் அடிச்சால் போதும். ஆனா ஆனையிறவுப் பக்கம் இரவில அப்புற பூச்சியை அது அசைக்கவே அசைக்காது. அதுக்கு டாஷ்போட்டுக்குக் கீழ ஈரத்துணி ஒண்டு எப்பவும் கிடக்கு.